ஓசூர் எல்லையில் இலவசம், நடுக்கடலில் கட்டணம்: கப்பல் பயணத்தில் ரோமிங் பில்லைத் தவிர்ப்பது எப்படி?

ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் வேலை பார்ப்பவரா நீங்கள்? அல்லது பாகலூர், பேரிகை பக்கம் இருந்துகொண்டு வாரத்தில் நாலு நாள் கர்நாடகத்துக்குச் சரக்கு கொண்டு போகிறவரா? அப்படியானால் உங்கள் போனில் ‘டேட்டா ரோமிங்’ என்ற பொத்தான் எப்போதும் ஆன் ஆகவே இருக்க வாய்ப்பு அதிகம். காரணம் எளிது. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வருவதற்குள் போன் கர்நாடக டவருக்கு மாறிவிடும். அந்தப் பொத்தான் ஆஃப் ஆக இருந்தால் பல போன்களில் பேச்சு மட்டும் வேலை செய்யும், நெட் நின்றுவிடும். என்றைக்கோ ஒருநாள் செல்போன் கடைக்காரர் அதை ஆன் செய்து கொடுத்திருப்பார். அதோடு அதை நாம் மறந்தும் போயிருப்போம்.

ஊருக்குள் இருக்கும்வரை இதனால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. அதே பொத்தானோடு கடல் கப்பலில் ஏறினால் மட்டும் கதை வேறு.

கப்பலா, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இப்போது சம்பந்தம் உண்டு. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலாவை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ‘எம்ப்ரஸ்’ கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதியில் டீலர்களுக்கும் ஊழியர்களுக்கும் பரிசாகக் கப்பல் பயணம் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் ஏறும் குடும்பங்களும் உண்டு. டிக்கெட், பாஸ்போர்ட், மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறோம். போன் செட்டிங்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

மாநில எல்லையில் நாம் கட்டிய காசு

ரோமிங் என்றால் என்ன என்பதை ஓசூர்க்காரர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. நாடு 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு ஒரு வட்டம், கர்நாடகா இன்னொரு வட்டம். உங்கள் சிம் எந்த வட்டத்தில் வாங்கியதோ அதற்கு வெளியே போய்விட்டால் ரோமிங். எல்லையோர வீடுகளில் சில சமயம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்து மாநில டவர் பிடித்துக்கொள்ளும். வந்த அழைப்பை எடுத்தாலே காசு போகும். அதனால்தான் பலர் அன்றைக்கு ‘மிஸ்டு கால் கொடு, நான் அப்புறம் கூப்பிடறேன்’ என்று பழகினார்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2013 ஜூலையில் ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 75 பைசா உச்சவரம்பு வைத்தது. 2015 மே முதல் அது 45 பைசா ஆனது. 2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணமே இல்லாமல் வந்தது. 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்தது. இப்போது அத்திப்பள்ளி தாண்டினாலும், தில்லி போனாலும், அந்தமான் போனாலும் ஒரே கட்டணம்தான்.

நல்ல விஷயம். ஆனால் ‘ரோமிங் என்றால் இலவசம்’ என்ற எண்ணமும் கூடவே மனதில் உட்கார்ந்துவிட்டது. அது இந்திய டவர்களுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

ஐரோப்பாவிலும் இதே நிலைதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் 15 முதல் கூடுதல் ரோமிங் கட்டணம் கிடையாது. பிரான்சில் வாங்கிய சிம்மை இத்தாலியில் சாதாரணமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே கடலில் போகும் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்குக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

கடலில் மூன்று வகை டவர்

போன் நீங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. யாருடைய டவரைப் பிடித்திருக்கிறது என்பதை வைத்துத்தான் காசு. கப்பலில் போகும்போது மூன்று வகை டவர்கள் குறுக்கிடும்.

முதலாவது நம் கரை டவர். சென்னையிலிருந்து கப்பல் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் கரையின் சிக்னல் கிடைக்கும். அதுவரை வழக்கமான ரீசார்ஜ்தான், பயமில்லை.

இரண்டாவது, அடுத்த நாட்டின் கரை டவர். காங்கேசன்துறையை நெருங்கும்போது இலங்கை நெட்வொர்க் பிடிக்கும். இதற்குக் கப்பலில் ஏறக்கூடத் தேவையில்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போதே இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்து திகைத்தவர்கள் நிறைய பேர். எதிரே தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்த வகைக்கு சாதாரண வெளிநாட்டு ரோமிங் கட்டணம். இலங்கைக்கான பேக் போட்டிருந்தால் அதில் அடங்கிவிடும்.

மூன்றாவதுதான் நாம் பேச வந்தது: கப்பலுக்கு உள்ளேயே இருக்கும் டவர்.

பெரிய சொகுசுக் கப்பல்கள் பலவற்றில், தளத்துக்குத் தளம் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வைத்து ஒரு செல்போன் நெட்வொர்க்கை இயக்குகிறார்கள். உங்கள் போன் அந்த ஆன்டெனாவோடு பேசும். அங்கிருந்து சிக்னல் செயற்கைக்கோளுக்குப் போகும். பழைய வகைச் செயற்கைக்கோள் என்றால் அது பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மறுபடி கீழே ஏதோ ஒரு நாட்டின் தரை நிலையத்துக்கு இறங்கி, அங்கிருந்து ஓசூருக்கு வரும். இந்த நெட்வொர்க் எந்த நாட்டுக்கும் சொந்தமானது அல்ல. அதனால் எந்த நாட்டுக்கான பேக்கிலும் அது தானாக அடங்காது. செயற்கைக்கோள் செலவு, கப்பல் நிறுவனத்தின் பங்கு, நடுவில் இருக்கும் நிறுவனத்தின் பங்கு, கடைசியில் நம் சிம் நிறுவனத்தின் பங்கு என்று எல்லாம் சேர்ந்துதான் கட்டணம். நிலத்தில் ஜிபி கணக்கில் வாங்கும் டேட்டாவைக் கடலில் எம்பி கணக்கில், சில சமயம் கேபி கணக்கில் விற்கிறார்கள்.

இதைப் பெயரை வைத்தே கண்டுபிடிக்கலாம். போனின் மேல்பகுதியில் நம் நிறுவனத்தின் பெயர் போய் ‘செல்லுலார் அட் சீ’, ‘டெலினார் மேரிடைம்’ போன்ற பெயர் வந்தால் அது கப்பல் டவர். சில போன்களில் பெயருக்குப் பதில் எண் வரும். இந்திய நெட்வொர்க்குகளின் எண் 404 அல்லது 405 என்று தொடங்கும். இலங்கைக்கு 413. எந்த நாட்டுக்கும் சேராத நெட்வொர்க்குக்கு 901. இந்த 901-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்க. விமானத்துக்குள் இயங்கும் செல்போன் நெட்வொர்க்குக்கும் இதே எண்தான்.

பொதுவாகக் கப்பல் ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் இந்த உள் நெட்வொர்க்கை ஆன் செய்வார்கள். இரவு சாப்பிட்டுவிட்டு நீங்கள் படுக்கப் போகும் நேரமாக அது இருக்கலாம். கரை சிக்னல் மெல்ல மங்கும். போன் வேறு எது கிடைக்கிறது என்று தேடும். கப்பல் டவர் பக்கத்திலேயே பலமாக இருக்கும், பிடித்துக்கொள்ளும். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பகலில் எடுத்த படங்களை போன் தானாக மேகச் சேமிப்புக்கு ஏற்ற ஆரம்பிக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்கள் தானாக இறங்கும்.

கணக்குக்காக எம்பிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய போனில் ஒரு படம் 4 எம்பி. பத்துப் படம் 40 எம்பி. ஆக 20,000 ரூபாய். நீங்கள் போனைத் தொடவே இல்லை.

துறைமுகத்தில் நிற்கும்போது ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 2008-ல் அமெரிக்காவின் மயாமி துறைமுகத்தில், கப்பல் கிளம்புவதற்கு முன்பே, ஒரு பயணி தன் லேப்டாப்பில் டேட்டா கார்டு போட்டுக் கால்பந்துப் போட்டி பார்த்தார். அந்தக் கார்டு கரை டவரை விட்டுவிட்டுக் கப்பல் டவரைப் பிடித்திருந்தது. பில் சுமார் 28,000 டாலர். விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான் நிறுவனம் அதைச் சில நூறு டாலராகக் குறைத்தது.

பேக் போட்டவருக்குத்தான் கூடுதல் கவனம் தேவை

கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை. வெளிநாட்டு ரோமிங் வசதி உங்கள் எண்ணில் திறக்கப்படவே இல்லை என்றால், கப்பல் டவர் உங்கள் போனைச் சேர்த்துக்கொள்ளாது. சிக்னல் இல்லை என்றுதான் காட்டும். சிக்னல் இல்லை, அதனால் செலவும் இல்லை. டிராய் 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, சர்வதேச ரோமிங் தானாகத் திறந்திருக்கக் கூடாது. சந்தாதாரர் கேட்டால்தான் திறக்க வேண்டும்.

நாம் எப்போது கேட்கிறோம்? இலங்கைக்கோ சிங்கப்பூருக்கோ பேக் போடும்போது. அந்தப் பேக்கோடு சேர்ந்து சர்வதேச ரோமிங் கதவும் திறந்துகொள்கிறது. ‘பேக் போட்டாச்சு, இனி கவலையில்லை’ என்று டேட்டா ரோமிங்கை ஆன் ஆகவே விட்டுவிடுவோம். காங்கேசன்துறை கரையில் பேக் வேலை செய்யும். நடுக்கடலில் கப்பல் டவர் பிடித்தால் அது பேக்குக்கு வெளியே. சில நிறுவனங்கள் பேக்குக்கு வெளியே உள்ள நெட்வொர்க்கைத் தடுத்துவிடும். மற்றவை சாதாரணக் கட்டணத்தில் விட்டுவிடும். சில நிறுவனங்கள் கப்பலுக்கும் விமானத்துக்கும் தனிப் பேக் வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதைக் கிளம்புவதற்கு முன் இரண்டே கேள்வியில் கேட்டுவிடலாம்: “இந்தப் பேக்கில் கப்பல் நெட்வொர்க் அடக்கமா? அடக்கம் இல்லை என்றால் அதைத் தடுத்து வைப்பீர்களா, இல்லை தனியாகக் கட்டணம் போடுவீர்களா?” வாய்மொழிப் பதிலோடு விடாமல், செயலியின் சாட் பகுதியில் கேட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சென்னையில் ஏறி, கடலில் சுற்றி, மறுபடி சென்னையிலேயே இறங்கும் இரண்டு மூன்று நாள் பயணமா? அப்படியானால் சர்வதேச ரோமிங்கைத் திறக்கவே திறக்காதீங்க. நீங்கள் எந்த நாட்டிலும் இறங்கப் போவதில்லை, அது தேவையே இல்லை.

சென்னை – அந்தமான் பயணிகள் கப்பல், கொச்சி – லட்சத்தீவு கப்பல் இரண்டும் உள்நாட்டுப் பயணம். அந்தமான் மேற்கு வங்க வட்டத்தில் வருகிறது, லட்சத்தீவு கேரள வட்டத்தில். தீவில் இறங்கியதும் வழக்கமான ரீசார்ஜே வேலை செய்யும்.

ப்ரீபெய்டு எண் என்றால் நஷ்டம் இருப்புத் தொகையோடு முடிந்துவிடும். போஸ்ட்பெய்டில்தான் பெரிய தொகை ஏறும். கப்பல் நெட்வொர்க்கிலிருந்து கணக்கு நம் நிறுவனத்துக்கு வந்து சேரத் தாமதம் ஆகலாம் என்பதால், எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வரும்போது காரியம் கைமீறியிருக்கலாம்.

நம் பகுதிக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. கம்பெனி கொடுத்த சிம் வைத்திருப்பவர்கள் சிப்காட் முழுக்க இருக்கிறார்கள். அது பெரும்பாலும் போஸ்ட்பெய்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போவோருக்காக நிர்வாகம் சர்வதேச ரோமிங்கை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கலாம். உங்களுக்கே தெரிந்திருக்காது. விடுமுறைக்குக் கப்பலில் போவதற்கு முன் நிர்வாகப் பிரிவில் கேட்டு மூடச் சொல்லுங்க. சொந்தப் பயணத்தில் ஏறிய பில்லைச் சம்பளத்தில் பிடிப்பார்களா, கம்பெனி ஏற்குமா என்ற பேச்சே பிறகு வராது.

இன்னொன்று, இரண்டு சிம். தமிழ்நாட்டு எண் ஒன்று, பெங்களூர் வேலைக்காகக் கர்நாடக எண் ஒன்று என்று வைத்திருப்பது இங்கே சகஜம். பல போன்களில் டேட்டா ரோமிங் பொத்தான் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை ஆஃப் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் பிரயோஜனமில்லை.

ஏறும் முன், ஏறிய பின்

வீட்டில் இருக்கும்போதே, அவசரமில்லாத ஒரு நேரத்தில் இதைச் செய்துவிடுங்க. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், மொபைல் நெட்வொர்க், அதற்குள் ஒவ்வொரு சிம்முக்கும் டேட்டா ரோமிங் ஆஃப். ஐபோனில் செட்டிங்ஸ், மொபைல் டேட்டா, அதற்குள் அந்தந்த எண்ணைத் தொட்டு டேட்டா ரோமிங் ஆஃப். சில போன்களில் ‘உள்நாட்டில் மட்டும்’ என்றொரு தேர்வு இருக்கும். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் சரியான தேர்வு. அதை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத போன் என்றால், ஊர் திரும்பியதும் பொத்தானை மறுபடி ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை எலக்ட்ரானிக் சிட்டி போவதற்குள் நெட் இல்லை என்று கஸ்டமர் கேரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது அழைப்புத் திருப்பல், அதாவது கால் ஃபார்வர்டிங். நீங்கள் எடுக்காத அழைப்பு வேறு எண்ணுக்குப் போகும்படி வைத்திருந்தால், ரோமிங்கில் அந்த ஒரே அழைப்புக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடவை கட்டணம் விழலாம். ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகிவிடும்.

கப்பலில் கால் வைத்ததும் ஃப்ளைட் மோடு போட்டுவிடுங்க. டேட்டா ரோமிங் ஆஃப் செய்தால் மட்டும் போதாதா என்றால், போதாது. டேட்டா நிற்கும், ஆனால் அழைப்பு வரும். கப்பல் டவரில் வரும் அழைப்பை எடுத்தாலும் நிமிடத்துக்குக் காசு. கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பர அழைப்பை ‘வேண்டாம் சார்’ என்று வைப்பதற்குக்கூட ஒரு நிமிடக் கட்டணம். ஃப்ளைட் மோடு போட்டால் செல்போன் ரேடியோ முழுக்க அணைந்துவிடும். அதன் பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

அம்மா, அப்பா, மாமியார் போன்களையும் நீங்களே வாங்கிப் போட்டுக் கொடுங்க. அவர்கள் தெரியாமல் ஃப்ளைட் மோடை எடுத்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தால் சிம்மையே கழற்றி ஒரு கவரில் போட்டு வைத்துவிடலாம். பழைய முறைதான், ஆனால் இதைவிட உறுதியானது கிடையாது. சிம் போடும் வசதி உள்ள குழந்தைகளின் டேப்லெட், இ-சிம் உள்ள கைக்கடிகாரம் இவற்றையும் மறக்க வேண்டாம்.

எல்லையோர வீடுகளில் அந்தக் காலத்தில் ஒரு கைவைத்தியம் இருந்தது. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, தமிழ்நாட்டு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பார்கள். கர்நாடக டவர் பிடிக்காது. அதே வைத்தியம் வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கும்போது உதவும். தானியங்கித் தேர்வை ஆஃப் செய்துவிட்டு, பேக்கில் அடங்கிய அந்த நாட்டு நெட்வொர்க்கின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்க. கப்பலுக்குத் திரும்பும்போது மறுபடி ஃப்ளைட் மோடு.

வீட்டோடு பேசுவது, ஓடிபி வாங்குவது

பேசாமலே இருந்துவிடுங்க என்று சொல்ல வரவில்லை. நடுக்கடலில் பேசக் கப்பலின் வைஃபைதான் வழி. அதுவும் இலவசம் இல்லை. ஆனால் என்ன விலை என்று சொல்லிவிட்டு வாங்குகிறார்கள், அதுதான் வித்தியாசம். ஒரு நாளைக்கு இவ்வளவு, ஒரு கருவிக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் இருக்கும். பல கப்பல்களில் முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு. குறைந்த விலைப் பேக்கேஜில் செய்தி அனுப்ப மட்டும் விடுவார்கள், வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாமல் போகலாம்; கேட்டு வாங்குங்க. குடும்பத்துக்கே ஒரு கருவிக்கு வாங்கினால் போதும் என்பது என் கருத்து. நாலு பேரும் நாலு போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கடலுக்கு எதற்குப் போக வேண்டும்?

வைஃபை வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்க. படச் சேமிப்புச் செயலியின் பேக்கப்பையும், செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்துங்க. நிமிடக் கணக்கில் வாங்கியிருந்தால் முடிந்ததும் லாக் அவுட் செய்ய வேண்டும். திரையை அணைத்தால் மட்டும் கணக்கு நிற்காது.

உண்மையான சிக்கல் ஓடிபியில்தான் வருகிறது. வங்கி, ஆதார், அரசுச் சேவை எதுவானாலும் ஓடிபி சிம்முக்கு வரும். ஃப்ளைட் மோடில் வராது. வைஃபை வழியாகவும் பொதுவாக வராது. ஆகவே ஓடிபி கேட்கும் வேலைகளைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்க. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. கடைசித் தேதி பயண நாட்களில் விழுகிறதா என்று பாருங்க. சொத்து வரி, கடன் தவணை, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் இவற்றையும் பார்த்துவிடுங்க. டிஜிலாக்கரில் உள்ள அடையாள ஆவணங்கள், காப்பீட்டுத் தாள், கப்பல் டிக்கெட் ஆகியவற்றை நெட் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்க. ஒரு காகிதப் பிரதியும் பையில் இருக்கட்டும்.

தவிர்க்க முடியாத ஓடிபி என்றால், துறைமுகத்தில் கரை இறங்கிய பிறகு, டேட்டா ரோமிங் ஆஃப் ஆக இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஐந்து நிமிடம் ஃப்ளைட் மோடை எடுத்து வாங்கிக்கொள்ளலாம். இதற்குச் சர்வதேச ரோமிங் திறந்திருக்க வேண்டும். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. உங்கள் திட்டத்தில் எப்படி என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

வீட்டில் வயதானவர்களையோ குழந்தைகளையோ விட்டுவிட்டுப் போகிறீர்களா? கப்பலின் பெயர், உங்கள் அறை எண், கப்பல் நிறுவனத்தின் அவசரத் தொடர்பு எண், எந்த நாள் எந்தத் துறைமுகம் என்ற விவரம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவிட்டுப் போங்க. ‘போன் சுவிட்ச் ஆஃப்னு வருது’ என்று பதறி யாரும் காவல் நிலையம் போக வேண்டியிருக்காது.

பில் வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தும் பில் வந்துவிட்டதா? உடனே முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று இருக்க வேண்டாம். முதலில் விவரமான பில்லைக் கேளுங்க. எந்த நெட்வொர்க், எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு எம்பி என்பது அதில் இருக்க வேண்டும். அதைக் கப்பலின் பயண அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்க. நீங்கள் கரையில் இருந்த நேரத்துக்குக் கப்பல் நெட்வொர்க் கட்டணம் போட்டிருக்கிறார்களா? பேக் செயல்பட்டதாக வந்த குறுஞ்செய்திக்கு முரணாக இருக்கிறதா? ரோமிங் டேட்டா பயன்பாடு பாதி, 80 சதவீதம், முழுமை என்று எட்டும்போது எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்பது டிராய் விதி, அவை வந்தனவா?

பிறகு 198-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யுங்க. எல்லா நிறுவனங்களுக்கும் புகாருக்கான எண் இதுதான். புகார் எண் கண்டிப்பாகத் தருவார்கள். அது இல்லாமல் போனை வைக்காதீங்க. பதில் திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செல்போன் பில் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று ஒரு காலத்தில் நிறுவனங்கள் வாதாடின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் ஆலோசனை கேட்கலாம். வழக்கு என்று வந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும், கப்பல் எந்தக் கடலில் இருந்திருந்தாலும், ஓசூர்க்காரர் போக வேண்டிய இடம் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையம். சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விவரமான பில், புகார் எண், மேல்முறையீட்டுப் பதில், நீங்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைக்க வேண்டும்.